போர்க்காலத் தஞ்சையில் ஷ்வார்ட்ஸ் பாதிரியார்

1941ஆம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் வட ஆப்பிரிக்காவில் வந்திறங்கிய ஜெர்மன் டாங்கிப் படையின் கதை உலகம் அறிந்தது. அதை எதிர்த்து நின்ற சேனைகளுள் நான்காவது இந்திய டிவிஷனும் ஒன்று. நம் பக்கத்துச் சென்னை ஸாப்பர் படையினரும் அந்த டிவிஷனில் இருந்தார்கள். அஞ்சத்தக்க தளபதியும் நல்ல யந்திரங்களும் இருந்தும், 1942ஆம் வருஷ முடிவில் அந்தப் படை எல் அலமீனில் முறிந்து பின்வாங்கியதற்கு வேண்டிய பெட்ரோல் வந்து சேராததும் பெரிய காரணம். 1943ஆம் வருஷம் மே மாதம் ட்யூனிஸியாவில் அது சரணடைந்தது. இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் காவிரிக் கரையில் நடந்த யுத்தங்களில் பெட்ரோலின் ஸ்தானத்தை வகித்தவை நெல்லும் பொதிமாடும். அவை இல்லாத சேனை கோட்டைக்குள் முடங்கிப் பட்டினி கிடந்தது. அந்த நெல்லையும் மாட்டையும் பற்றிய கதையில் நடுநாயகமாக நிற்பவரும் ஒரு ஜெர்மானியரே. கத்தியும் துப்பாக்கியும் ஏந்தாத அவரைத் தஞ்சாவூர் ஜனங்கள் ஷ்வார்ட்ஸ் ஐயர் என்று அழைத்தார்கள்.

கிறிஸ்டியன் பிரடெரிக் ஷ்வார்ட்ஸ் 1726ஆம் வருஷம் பிராண்டன்பர்க் நாட்டில் ஸோனன்பர்க் என்னும் சிற்றூரில் பிறந்தார். அவ்வூர் இப்பொழுது போலந்து தேசத்தில் இருக்கிறது. குழந்தையாக இருக்கையிலேயே தாயை இழந்தார். அந்த அம்மாள் இறக்குந் தறுவாயில் மகனைச் சமய ஊழியத்துக்கென்று நேர்ந்துவிட்டுப் போனாள். ஹாலே நகரத்துச் சர்வகலாசாலையில் அவர் படித்துக் கொண்டிருந்தபோது, சென்னையிலிருந்து திரும்பி வந்திருந்த ஷுல்ட்ஸ் என்னும் முதிய பாதிரியார் அங்கே தமிழ் வேதாகமத்தை அச்சிட முயன்று கொண்டிருந்தார். அந்த வேலைக்கு உதவியாகத் தமிழ் எழுத்துக்களைக் கற்கத் தொடங்கியதுதான் இளைஞர் ஷ்வார்ட்ஸின் வாழ்க்கையைத் திருப்பிவிட்டது. கோபன்ஹேகனில் குருப்பட்டம் பெற்று, 1750ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் தரங்கம்பாடி வந்து சேர்ந்தார். தரங்கம்பாடி அப்பொழுது டேனிஷ்காரர்கள் வசம் இருந்தது. வந்த நாலு மாதத்தில் தமிழில் பிரசங்கம் செய்தார் என்பது சரித்திரம்.

அத்துடன் அவர் நின்றுவிடவில்லை. தமிழ் நூல்களை வருஷக் கணக்கில் படித்தார். பின்னர் ஹிந்துஸ்தானி, பாரசீகம், மராத்தி, போர்த்துகீசு ஆகிய பாஷைகளையும் கற்றார். தஞ்சை அரண்மனையில் மராத்தியும், நவாபு தர்பாரில் பாரசீகமும், சிப்பாய்களிடையே ஹிந்துஸ்தானியும் வழங்கின. குடியானவனிடம் தமிழன்றி வேறு பாஷை செல்லாது. துபாஷியின் துணையின்றி இந்த நாலு கூட்டத்தாருடனும் நேரே பேசக்கூடிய வெள்ளையர்கள் அக்காலத்தில் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே. துபாஷிகள் கையில் ராஜ்யங்கள் விலைபோன காலம் அது. பின்னால் நிகழ்ந்த காரியங்கள் பலவற்றுக்கு வித்து இந்தப் பாஷை ஞானத்தில் இருக்கிறது என்பது நமது எண்ணம்.

1762 முதல் அவருடைய வேலை பெரும்பாலும் திருச்சிராப்பள்ளியில் நடந்தது. யூசுப் கானை ஒடுக்கக் கம்பெனியாரும் ஆர்க்காட்டு நவாபு முகம்மதலியும் 1764இல் மதுரையை முற்றுகையிட்டபோது, காயம்பட்டவர்களுக்குச் சிகிச்சை செய்ய அங்கே சென்றார். அதற்காக நவாபு கொடுத்த பணத்தை அனாதைக் குழந்தைகளுக்கு வைத்துவிட்டார். கோட்டைச் சோல்ஜர்களுக்குக் குருவாக இருந்ததற்குக் கம்பெனி வருஷத்துக்கு 100 பவுன் சம்பளம் கொடுத்தது. அதில் ஒரு பாதியைத் தமது சபையின் காரியங்களுக்கே செலவழித்தார். ஒரு கட்டிலும் ஓர் ஆளும் கொள்ளும் அளவான பழைய அறையில் வாசம். நம்மவர் சமையலில் சோறும் காய்கறியும் ஆகாரம். சாயமிட்ட பருத்தித் துணியில் உடை. கடைசிவரையில் விவாகம் செய்து கொள்ளவில்லை. கம்பெனியின் சிறு குமாஸ்தாவும் நாலைந்து வருஷத்தில் நவாபுக்கே கடன் கொடுக்கும் தனவந்தனாகிவிட்ட காலத்தில், ஒரு வெள்ளையர் இப்படி வாழ்ந்ததை ஜனங்கள் கவனியாமல் இருப்பார்களா?

தஞ்சாவூருக்கு அக்காலத்தில் நேர்ந்த கதி இங்கே சொல்லப்பட வேண்டும். அதைச் சொல்லாவிட்டால் மற்றது விளங்காது. மராட்டிய வம்சத்துத் துளஜா மஹாராஜா ஆண்ட இந்த நெல்நாட்டின் மேல் நவாபுக்குத் தீராத ஆசை. நவாபின் மேல் கம்பெனி உத்தியோகஸ்தர்களுக்குத் தீராத கடன் பாத்தியம். 1771இல் ஒரு படையெடுப்பு நடந்து பணத்துடன் தீர்ந்தது. 1773ஆம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் கம்பெனிப் படையே கோட்டையைப் பிடித்து, ராஜாவைச் சிறையாக்கி, நாட்டை நவாபு கையில் கொடுத்தது. மூன்று போகமும் நவாபின் கடனுக்கு அடகாயின. 1776இல் லண்டன் டைரக்டர்களின் உத்தரவுப்படி பிகட் பிரபு ராஜாவை மீண்டும் பட்டத்தில் வைத்தார். உடனே பால் பென்பீல்டு என்னும் கம்பெனி உத்தியோகஸ்தர், தஞ்சாவூர் விளைச்சலின் மேல் தமக்கு 2,34,000 பவுன் வரவேண்டும் என்று உரிமை கொண்டாடினார். அந்த வழக்கு முற்றி, சென்னைக் கவுன்சிலார் தங்கள் கவர்னரான பிகட் பிரபுவையே ஆகஸ்டு மாதத்தில் கைது செய்தார்கள். 1777ஆம் வருஷம் மே மாதத்தில் அவர் காவலிலேயே இறந்தார். காவிரி வண்டலில் விளைந்த நெல் சென்னைக் கோட்டையில் ஒரு கவர்னரையே காவு கொண்டது. அந்த நெல்லை விளைவித்தவன் வயிற்றுக்கு என்ன மிஞ்சியிருக்கும் என்பதை வாசகர்கள் ஊகித்துக் கொள்ளலாம்.

ஷ்வார்ட்ஸ் 1769இலேயே துளஜா மஹாராஜாவைச் சந்தித்திருந்தார். 1778 முதல் தஞ்சாவூரையே இருப்பிடமாக்கிக் கொண்டார். மறுவருஷம் சென்னைக் கவர்னர் ரம்போல்டு அவரை அழைத்து, ஸ்ரீரங்கப்பட்டணம் சென்று ஹைதர் அலியின் மனநிலையை அறிந்து, கம்பெனி சமாதானத்தையே விரும்புகிறது என்று அவருக்கு உணர்த்தி வரும்படி கேட்டுக் கொண்டார். யுத்தத்தைத் தடுக்க முடியுமானால் போவது கடமை என்று பாதிரியார் ஒப்புக் கொண்டார். வழிச் செலவுக்கு மேல் ஒரு காசும் வாங்க மறுத்தார்.

ஆகஸ்டு மாதக் கடைசியில் அவர் ஸ்ரீரங்கப்பட்டணம் சேர்ந்தார். ஹைதர் தம் பக்கத்திலேயே கம்பளத்தில் அவரை உட்கார வைத்துக் கொண்டார். எழுதப் படிக்கத் தெரியாத அந்த மனிதர் காரியங்களை நடத்திய விதத்தைப் பாதிரியார் வியப்புடன் குறித்து வைத்திருக்கிறார். கடிதத்தை ஒருவன் வாசிப்பான்; பதிலை வாயால் சொல்லி எழுதச் செய்வார்; எழுதியதை வேறொருவனைக் கொண்டு வாசிக்கச் சொல்லிச் சரிபார்ப்பார்; வித்தியாசம் கண்டால் எழுதியவன் தலை தப்பாது. ஹைதர் தமது மனத்தில் இருந்ததை மறைக்கவில்லை. 1769இல் செய்து கொண்ட உடன்படிக்கையைக் கம்பெனியார் காற்றில் பறக்கவிட்டார்கள், மராட்டியர் தாக்கியபோது உதவிக்கு வரவில்லை, இப்பொழுது மாஹேயையும் பிடித்துக் கொண்டார்கள் என்பவை அவருடைய குறைகள். நியாயமாகப் பார்த்தால் இவற்றில் ஒன்றையும் பொய்யென்று தள்ள இயலாது.

அவ்விடத்தில் நடந்த இன்னொன்றும் சொல்லத்தக்கது. ஹைதரின் சேனையில் ஐரோப்பியர்களின் ஒரு பிரிவு இருந்தது. பிரெஞ்சுக்காரர்களோடு ஜெர்மானியர்களும் அதில் சேவித்தார்கள். கோட்டைப் புறத்தில் கூடாரம் அடித்து, ஞாயிற்றுக்கிழமை தோறும் அவர்களுக்குத் தாய்மொழியில் பிரார்த்தனை நடத்தினார் ஷ்வார்ட்ஸ். ஹைதர் அதற்கு இடையூறு செய்யவில்லை. நாலு வருஷத்துக்குப் பின் மற்றொரு ஜெர்மன் கூட்டம் எதிர்ப்பக்கத்தில் வந்து இறங்கியது. இங்கிலாந்து அரசர் மூன்றாம் ஜார்ஜ் ஹானோவர் நாட்டுக்கும் அதிபதியாக இருந்ததால், அங்கே 1781இல் திரட்டிய 15, 16ஆம் ரெஜிமெண்டுகளைக் கம்பெனியின் செலவில் சென்னைக்கு அனுப்பினார். 1783ஆம் வருஷம் ஜூன் 13ஆம் தேதி கடலூர்க் கோட்டைக்கு வெளியே பிரெஞ்சுக்காரர்களோடு நடந்த கடும் போரில் இவர்களும் நின்று மடிந்தார்கள். ஐரோப்பாவில் சமாதானம் ஆகிவிட்டது என்ற செய்தி அந்த மாதக் கடைசியில்தான் இங்கே எட்டியது! தங்களுக்குச் சம்பந்தமில்லாத சண்டையில், இரண்டு கட்சியிலும் கூலிக்குச் சண்டையிட்டு, தமிழ்நாட்டு மணலில் புதைந்த அந்த ஜெர்மன் வாலிபர்களை யார் நினைக்கிறார்கள்?

ஹைதர் பாதிரியாருக்கு விடைகொடுக்கும்போது 300 ரூபாய் அளித்தார். மறுத்தால் அவமதிப்பாகும் என்று வாங்கிக் கொண்டு, சென்னையில் சர்க்காரிடம் ஒப்படைக்கப் போனார். வைத்துக் கொள்ளும்படி சொன்னதால், தஞ்சாவூரில் அனாதைப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கு மூலதனமாக்கினார். தூது மட்டும் வீணாயிற்று. கம்பெனியின் நடத்தை மாறவில்லை. ஹைதரை ஏமாற்றிக் காலங்கழிக்கவே இந்த நல்லவரை முன்னே தள்ளினார்களோ என்று பின்வந்த சரித்திரக்காரர்கள் ஐயுறுவதற்கு இடமிருக்கிறது. ஆனால் ஹைதர் தூதனுப்பியவர்களையும் தூதரையும் பிரித்தே பார்த்தார். 1780ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் கர்நாடகத்தின் மேல் அவருடைய பெருஞ்சேனை பாய்ந்தபோது, இந்தப் பாதிரியாரை எங்கும் தடுக்காமல் போகவிடும்படி தமது அதிகாரிகளுக்குக் கட்டளையிட்டார்.

1781இல் யுத்தம் காவிரி நாட்டுக்குள் புகுந்தது. இந்த ஜில்லாவில் அதை ஹைதர் கலாபம் என்பார்கள். கிராமங்கள் எரிந்தன. வாய்க்கால் கரைகளும் அணைகளும் உடைக்கப்பட்டன. மாடுகளை ஓட்டிச் சென்றார்கள்; சிறுவர்கள் உட்பட ஜனங்களைப் பிடித்து மைசூருக்குக் கொண்டு போனார்கள். எஞ்சியவர்கள் தஞ்சைக் கோட்டைக்கு ஓடி வந்தார்கள். கோட்டையிலோ சிப்பாய்களுக்கே ஆகாரமில்லை. தெருவில் ஜனங்கள் விழுந்து இறந்தார்கள்.

இத்தனைக்கும் வெளியே நெல் அடியோடு இல்லாமற் போய்விடவில்லை. ஒதுக்குப்புறக் கிராமங்களில் நெல் இருந்தது. கோட்டைக்குக் கொண்டுவர மாடுதான் இல்லை. மாடு வைத்திருந்தவன் வர மறுத்தான். வருவதற்கு அவனுக்குப் பைத்தியமா? முன்பு ராஜாவின் அதிகாரிகளும் கம்பெனியின் ஆட்களும் நெல்லை வாங்கி விலை கொடுக்காமலே அனுப்பியிருந்தார்கள். மாட்டைப் பிடித்துக் கொண்டு திருப்பித் தராமல் இருந்தார்கள். கடைசியில் துளஜா மஹாராஜாவே, தமது வாக்கையோ இங்கிலீஷ்காரர் வாக்கையோ இனி ஒருவரும் நம்பமாட்டார்கள், பாதிரியாரைக் கேட்டுப் பார்க்கலாம் என்று மனம்விட்டுச் சொல்லும்படி ஆயிற்று. சிங்காதனத்தில் இருந்த ஓர் அரசர் தம் குடிகளின் நம்பிக்கையை இழந்ததாகத் தாமே ஒப்புக்கொண்டது சாமானியமான காரியமன்று.

ஷ்வார்ட்ஸ் கிராமங்களுக்குக் கடிதம் அனுப்பினார். மாட்டுக்கும் நெல்லுக்கும் உரிய தொகையைத் தாமே தம் கையால் கொடுப்பதாகவும், வழியில் மாடு போய்விட்டால் அதற்கும் விலை கொடுப்பதாகவும் எழுதினார். ஓரிரண்டு நாளில் 1,000 மாடுகள் வந்து நின்றன. அவருடைய சபையைச் சேர்ந்த ஒருவர் அவற்றை ஓட்டிக் கொண்டு உள்நாட்டுக்குப் போனார். ஹைதரின் குதிரைப்படை சுற்றித் திரிந்த நாட்கள் அவை. 80,000 கலம் நெல் கோட்டைக்கு வந்து சேர்ந்தது. வந்தவர்கள் எல்லோருக்கும் சல்லிக்காசு குறையாமல் எண்ணிக் கொடுத்து, மேலுக்கு ஒரு சிறு இனாமும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார் பாதிரியார்.

1782ஆம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் கர்னல் பிரெய்த்வெய்ட்டின் படையை, கும்பகோணத்துக்கு அருகில் அன்னகுடியில் திப்பு சுல்தான் வளைத்துக் கொண்டார். மூன்று நாள் சண்டைக்குப் பின் அந்தப் படை முழுவதும் அழிந்தும் சிறைப்பட்டும் போயிற்று. தஞ்சைக் கோட்டைக்கு மறுபடியும் பஞ்சம். மறுபடியும் பாதிரியாரைக் கேட்டார்கள். அவர் மறுபடியும் கிராமங்களுக்கு எழுதினார். எதிரி முன்னைவிட நெருக்கத்தில் இருந்தும், முந்தின தடவை கணக்காகப் பணம் பெற்றிருந்த ஜனங்கள் இம்முறையும் மாடுகளோடு வந்தார்கள். அந்த நெல்லை உண்டவர்களில் பட்டினியால் வாடிய குடிகளும் இருந்தார்கள். கம்பெனியின் சிப்பாய்களும் இருந்தார்கள். கோட்டை கம்பெனியின் கையில் தங்கியதற்கு ஷ்வார்ட்ஸின் நாணயமும் காரணம் என்பதை ஒளிக்க வேண்டியதில்லை. அவர் இரண்டையும் பிரித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. பசித்தவனுக்கு எந்தக் கட்சி என்று அவர் கேட்கவில்லை. அந்த உதாசீனத்தின் லாபத்தைக் கம்பெனி எடுத்துக் கொண்டது.

ஹைதர் 1782ஆம் வருஷம் டிசம்பரில் காலமானார். திப்புவுடன் சமாதானம் பேசப் போகும் தூதர்களோடு ஷ்வார்ட்ஸும் செல்லவேண்டும் என்று கேட்டுக் கொண்டார்கள். சத்தியமங்கலம் வரையில் போனார். திப்புவின் அதிகாரிகள் மேலே செல்ல அனுமதிக்கவில்லை, திரும்பிவிட்டார். 1784ஆம் வருஷம் மார்ச்சு மாதம் மங்களூரில் உடன்படிக்கை ஆயிற்று.

யுத்தம் நின்றும் தஞ்சாவூருக்கு விடிவு வரவில்லை. துளஜா மஹாராஜா புத்திர சோகத்தாலும் நோயாலும் அரண்மனைக்குள் ஒடுங்கினார். வரி வசூலித்தவர்களின் கொடுமை தாங்காமல் 65,000 பேர் வரையில் ஊரைவிட்டு வெளியேறினார்கள். உழுவதற்கு ஆளில்லை. ராஜா திரும்பி வரும்படி அழைத்தும் ஒருவரும் வரவில்லை. மீண்டும் ஷ்வார்ட்ஸ் பிணை நின்றார். ஒரே நாளில் 7,000 பேர் திரும்பினார்கள், மற்றவர்கள் பின்தொடர்ந்தார்கள். காவிரி நாட்டு விவசாயத்தை அறிந்தவர்களுக்கு அடுத்த விஷயம் தெளிவாகப் புரியும். ஜூன் மாதத்தில் ஆற்றில் தண்ணீர் வந்ததும் தொடங்க வேண்டிய வேலை. அவர்கள் வந்ததோ செப்டம்பர் மாதத் தொடக்கம். நாற்றங்கால் இல்லை; வாய்க்கால் தூர்ந்து கிடந்தது. பாதிரியார் நிலைமையை எடுத்துச் சொல்லி வேண்டிக் கொள்ள, இரவென்றும் பகலென்றும் பாராமல் வேலை செய்தார்கள். அவ்வருஷத்து மகசூல் முந்தைய வருஷத்தைவிட நன்றாக இருந்தது. இதில் பாதிரியாரின் பங்கு ஒரு வாக்குறுதிதான். பயிர் செய்தவர்கள் மிராசுதார்களும் பண்ணையாட்களும். அந்தப் பெருமையை அவர்களுக்கே கொடுக்க வேண்டும்.

இந்தச் செய்திகளுள் பெரும்பகுதி அவரே 1794இல் லண்டனுக்கு எழுதிய நீண்ட கடிதத்தில் உள்ளவை. பாதிரிமார்களைப் பழித்து முந்தின வருஷம் பார்லிமெண்டில் ஒருவர் பேசியதற்கு அது மறுமொழி. தம் கட்சியைத் தாமே எடுத்துரைக்கும் சாட்சியை ஒரு படி குறைத்தே மதிப்பது முறை. ஆனால் கம்பெனியின் சேனாபதிகளும் அரண்மனையாரும் அவர் உயிரோடிருக்கையிலேயே இவற்றை ஒப்புக் கொண்டிருக்கிறார்கள்.

1787இல் துளஜா மஹாராஜா மரணப் படுக்கையில் பத்து வயதுச் சிறுவனான சரபோஜியைத் தத்து எடுத்து, ஷ்வார்ட்ஸின் கையில் ஒப்படைக்க விரும்பினார். தாம் தனித்துப் பொறுப்பேற்றால் அரண்மனைச் சூழ்ச்சியில் குழந்தையின் உயிருக்கே ஆபத்து என்று பாதிரியார் பயந்தார். ராஜாவின் தம்பி முறையான அமர்சிங்கை ரீஜண்டாக வைக்கும்படி யோசனை சொன்னார். அவர் வாழ்க்கையில் மிகவும் விவாதத்துக்குரிய யோசனை இதுவே. ராஜா கண்மூடியதும், தத்து செல்லாது என்று பண்டிதர்கள் கூறிய அபிப்பிராயத்தைக் காட்டி அமர்சிங் தாமே பட்டத்துக்கு வந்தார். கம்பெனியும் ஒப்புக் கொண்டு தனக்குச் சாதகமான உடன்படிக்கையைப் பெற்றுக் கொண்டது. சரபோஜி அடைபட்டுக் கிடந்தார், படிப்பில்லை. ஷ்வார்ட்ஸ் விடாமல் சென்னைக்கு எழுதினார். 1793இல் சரபோஜியையும் துளஜாவின் ராணிகளையும் சென்னைக்கு அழைத்துச் சென்றார்கள். அங்கே கெரிக்கே என்னும் மற்றொரு ஜெர்மன் பாதிரியார் சரபோஜியின் கல்வியைக் கவனித்தார். பண்டிதர்களின் முதல் தீர்ப்பு பொய்க் காரணங்களின் மேல் வாங்கப்பட்டது என்று கம்பெனிக்கு இப்பொழுதுதான் ஞானோதயம் ஆயிற்று!

வேறு வேலைகளை ஓரிரு வார்த்தைகளில் சொல்லிவிடலாம். ரெஸிடெண்டு ஸல்லிவனோடு சேர்ந்து தஞ்சாவூர், ராமநாதபுரம், சிவகங்கை ஆகிய இடங்களில் 1785 முதல் இங்கிலீஷ் பாடசாலைகளை ஏற்படுத்தினார். மெக்காலேயின் திட்டத்துக்கு அது அரை நூற்றாண்டு முந்தியது. திருநெல்வேலிப் பிராமணச் சிறுவர்களும் வேளாளச் சிறுவர்களும் என்று பலதிறப்பட்ட மாணவர்கள் அவரிடமும் அவர் சீடர்களிடமும் படித்தார்கள். பாளையங்கோட்டையிலிருந்து பன்னிரண்டு வயதில் அவர் அழைத்துவந்த வேதநாயகம் என்ற பையன் பின்னால் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் என்று பெயர்பெற்ற கவிஞரானார்.

ஷ்வார்ட்ஸ் 1798ஆம் வருஷம் பிப்ரவரி 13ஆம் தேதி தஞ்சாவூரில் காலமானார். நாற்பத்தெட்டு வருஷம் தமிழ்நாட்டில் இருந்த அவர் சொந்த நாட்டுக்கு ஒரு தடவையும் திரும்பிப் போகவில்லை. சரபோஜி வந்து இறுதியாக அவரைக் கண்டு கண்ணீர் விட்டார். ஜூன் மாதம் சரபோஜிக்குப் பட்டம் ஆயிற்று. 1799ஆம் வருஷம் அக்டோபர் 25ஆம் தேதி அவரிடம் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்து வாங்கினார்கள்: நாட்டின் நிர்வாகம் முழுவதும் கம்பெனிக்கு, ராஜாவுக்குக் கோட்டையும், வருஷம் ஒரு லட்சம் வராகனும், நிகர வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கும். பாதிரியார் சரபோஜிக்காக வாதாடியது நியாயம் என்று நினைத்தே. கம்பெனி அந்த வாதத்தை ஏற்றது எதற்காக என்பது இந்த உடன்படிக்கையில் தெரிகிறது. அவர் இன்னும் இரண்டு வருஷம் இருந்திருந்தால் என்ன எழுதியிருப்பாரோ!

சரபோஜி கடைசிவரை ஹிந்துவாகவே வாழ்ந்தார். நாடு போனபின் அவர் தமது காலத்தைச் சரஸ்வதி மஹாலின் ஏடுகளிலும், 1805இல் அமைத்த நவவித்யா அச்சுக்கூடத்திலும், வைத்திய ஆராய்ச்சியிலும் செலவிட்டு, 1832இல் காலமானார். அவர் மகன் சிவாஜி 1855இல் ஆண் வாரிசு இன்றி இறந்ததும் அரச பட்டமே எடுபட்டது. சென்னைக் கோட்டையில் செயிண்ட் மேரி கோயிலில் ஷ்வார்ட்ஸுக்குக் கம்பெனியார் ஒரு நினைவுச் சின்னம் வைத்தார்கள். சரபோஜி, பிளாக்ஸ்மன் என்னும் பிரசித்திபெற்ற இங்கிலீஷ் சிற்பியைக் கொண்டு ஒரு சலவைக்கல் சிற்பம் செய்வித்து, சிவகங்கைக் குளத்தருகே பாதிரியார் கட்டிய கோயிலில் பதித்தார். கட்டிலில் கிடக்கும் கிழவரின் கையை இளவரசர் பற்றிக் கொண்டு நிற்கிறார். காலடியில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நிற்கிறார்கள். உடல் அடங்கியிருப்பது அங்கே அன்று. கோட்டைக்கு வெளியே, அவரே நிறுவிய செயிண்ட் பீட்டர் கோயிலில்.